வீதி ஒன்று, காணொளி பல

காரைதீவில் கடலோரப் பெருவீதியை விட்டு மேற்கே திரும்பும் பாதை, சிறிது தூரத்திலேயே வயல்வெளிக்குள் இறங்கி, மாவடிப்பள்ளியைக் கடந்து, சம்மாந்துறையைத் தொட்டு, சுமார் 25 கிலோமீற்றர் தொலைவில் அம்பாறை நகரை அடைகிறது. மாரி மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் அதன் இரு மருங்கிலும் உள்ள வயலும் தாழ்நிலமும் ஒரே நீர்ப்பரப்பாகிவிட, வெள்ளம் வீதியின் மேலாகவே குறுக்கறுத்துப் பாயத் தொடங்கும். முச்சக்கர வண்டி நின்றுவிடும், பஸ்ஸும் திரும்பிவிடும், பெரிய சில்லுள்ள உழவு இயந்திரம் மட்டும் பெட்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நீரைக் கிழித்துப் போகும். வெள்ளத்தின் விளிம்பில் நின்று பார்ப்போரின் கைகளில் போன்கள் உயர்ந்திருக்கும், அவற்றுள் சில அந்தக் கணத்தையே கட்டாருக்கும் சவூதிக்கும் நேரலையாக அனுப்பிக்கொண்டிருக்கும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, பின்னர் பெங்கல் புயலாக வலுப்பெற்ற தாழமுக்கத்தின் மழை கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்திருந்த வேளையில், நிந்தவூரிலுள்ள அரபுக் கல்லூரி ஒன்றிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். அடுத்தடுத்த நாட்களில் நடந்த தேடுதலின் காட்சிகள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் இடைவிடாது ஓடின. அதுவரை மாவடிப்பள்ளி என்ற பெயரையே கேள்விப்பட்டிராத தமிழர்களும் சிங்களவர்களும் அந்த நீர்ப்பரப்பைத் தத்தம் கைக்குள் பார்த்தனர்.

இணையக் காணொளிப் பகிர்வு, அதாவது ஒருவர் எடுத்த அசையும் படத்தை எந்த ஆசிரியரின் அனுமதியும் இன்றி எவரும் உலகுக்கு வைக்கும் வழக்கம், உலகெங்கும் ஒரே தொழில்நுட்பமாக வந்தாலும் எல்லா ஊரிலும் ஒரே விளைவை உண்டாக்கவில்லை. கொழும்பின் செய்தி அறைகளுக்கு எட்டாக்கையாகக் கிடந்த, தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று ஒட்டி வாழும் இந்தக் கரையோரத்தில் அது ஊருக்கு முதன்முறையாக ஒரு முகத்தைக் கொடுத்தது. அதே வேளையில், ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற பழைய ஒழுங்கைக் கலைத்தும் விட்டது. காரைதீவு–அம்பாறை வீதியின் ஊர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் கண்டவற்றை வரிசைப்படுத்தினால், ஊருக்கு முகம் கிடைத்த இலாபத்தைவிட இந்த இரண்டாவது மாற்றமே ஆழமானது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

கடல் வந்தபோது கமெரா இல்லை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மட்டும் இறந்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கரையை ஒட்டியிருந்த தெருக்கள் வரிசையாக அழிந்தன. எனினும் உலகத் தொலைக்காட்சிகள் மறுபடி மறுபடி காட்டிய படங்கள் பெரும்பாலும் தாய்லாந்தின் உல்லாசக் கடற்கரைகளிலும் காலி நகரின் பஸ் நிலையத்திலும் எடுக்கப்பட்டவை. அந்நாளில் கல்முனைப் பக்கத்தில் வீடியோக் கமெரா என்பது கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் கடைக்காரரிடம் இருந்த தொழிற்கருவி, அல்லது வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொண்டுவந்த அபூர்வப் பொருள். அலை வந்தபோது எவரும் அதைத் தேடி ஓடவில்லை. இக்கரையோரத்தின் பேரழிவு பெரும்பாலும் சொல்லாக மட்டுமே எஞ்சியது.

இதில் வரலாற்றின் ஒரு முடிச்சு இருக்கிறது. யூடியூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவித் கரீம், அந்த ஆழிப்பேரலையின் காணொளிகளை இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தமை அத்தளத்துக்கான எண்ணத்தைத் தூண்டியவற்றுள் ஒன்று என்று பின்னாளில் கூறியிருக்கிறார். அவருடைய கூட்டாளிகள் வேறு கதையும் சொல்வதுண்டு. தொடக்கக் கதைகள் எல்லா நிறுவனத்திலும் பின்னர் மெருகேற்றப்படுபவைதாம். ஆயினும் இந்தக் கரையில் பத்தாயிரம் பேரைக் கொன்ற அலையின் படம் இல்லாமற்போனதற்கும், இருபது ஆண்டுகளின் பின் இதே கரையில் வெள்ளத்தின் ஒவ்வொரு அடியும் படமாகிப் போனதற்கும் இடையில் அந்தத் தளமே நிற்கிறது.

பெட்டிச் செய்தி: 19 வினாடியில் தொடங்கியது
யூடியூப் 2005 பெப்ரவரியில் சட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவித் கரீம் ஆகியோரால் தொடங்கப்பட்டது. 2005 ஏப்ரல் 23ஆம் திகதி ஏற்றப்பட்ட முதற் காணொளி, அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன் கரீம் நின்று பேசும் 19 வினாடிக் காட்சி. 2006 ஒக்டோபரில் கூகுள் நிறுவனம் 165 கோடி டொலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. பேஸ்புக் 2016இல் நேரலை வசதியை எல்லாப் பயனருக்கும் திறந்துவிட்டது. டிக்டொக் 2018இல் மியூசிக்கலி செயலியைத் தன்னுள் இணைத்துக்கொண்டு உலகெங்கும் பரவியது; இந்தியா 2020 ஜூனில் அதைத் தடைசெய்தது.

சொன்னவர் யார்?

கரையோர முஸ்லிம் ஊர்களில் செய்தி பரவும் பழைய வழி பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. ஜனாஸா அறிவித்தல், காணாமற்போன பிள்ளை, வெள்ள எச்சரிக்கை, பெருநாள் தொழுகை நேரம் ஆகிய யாவும் அதன் வழியாகவே ஊருக்குள் இறங்கின. நோன்பு தொடங்குமா, மறுநாள் பெருநாளா என்பதை அறிய மக்கள் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையருகே காத்திருந்தனர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக் குழு தீர்மானிக்கும்வரை வட்டிலப்பமும் காத்திருந்தது. இவ்வழிகளில் பிழையே நேரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிழை நேர்ந்தால் மறுநாள் காலை யாரிடம் போய்க் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறிவித்தவரின் குரல் ஊருக்குப் பழகியது. பள்ளிவாசல் நிர்வாக சபையின் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன.

இஸ்லாமிய அறிவு மரபு இந்தப் பொறுப்பை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தது. நபிமொழி ஒன்றை ஏற்பதற்கு முன் அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வர்; இஸ்னாத் எனப்படும் இவ்வரிசையில் ஒருவர் நம்பத்தகாதவராயின், அல்லது ஒரு கண்ணி அறுந்திருந்தால், செய்தியின் தகுதி குறையும். அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயமும், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள அரபுக் கல்லூரிகளில் பிள்ளைகள் இதைப் பாடமாகவே படிக்கின்றனர். வட்ஸ்அப்பில் முன்னனுப்பப்பட்டு வரும் காணொளி இந்த மரபுக்கு நேர் எதிரான பொருள்: அதற்கு வரிசை கிடையாது. எடுத்தவர், வெட்டியவர், தலைப்பிட்டவர் ஆகிய மூவரும் மூன்று நாடுகளில் இருக்கலாம், கடைசியாக அனுப்பிய மச்சானின் பெயர் மட்டும் திரையில் தெரியும். மச்சான் அனுப்பினால் நம்பாமல் இருப்பதெப்படி?

வட்ஸ்அப் நிறுவனமும் இதை உணராமலில்லை. இந்தியாவில் வதந்திக் காணொளிகளால் கும்பற்கொலைகள் நிகழ்ந்த பின்னர், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற எல்லை 2018இல் அங்கும், 2019 ஜனவரியில் உலகெங்கும் விதிக்கப்பட்டது. அது வேகத்தைக் குறைத்ததே தவிர, வரிசையை உண்டாக்கவில்லை.

அம்பாறை: ஒரு மாக்கட்டியும் ஒரு முனகலும்

வீதியின் மேற்கு முனையிலுள்ள அம்பாறை நகரம் சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் நிர்வாகத் தலைநகர். கரையோர மக்கள் மாவட்டச் செயலகத்துக்கும் வியாபாரத்துக்கும் அங்கே போய்வருவர். முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள் சிலவும் அங்கு இருந்துவந்தன. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அம்பாறையில் முஸ்லிம் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகள் கைப்பற்றப்பட்டன என்ற வதந்தி சிங்கள மொழிப் பேஸ்புக்கில் உலவியது. அப்படியொரு பறிமுதல் நடக்கவே இல்லை. ஆணையோ பெண்ணையோ நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் கிடையாது என்பதை நாட்டின் மருத்துவர்கள் எடுத்துச் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அந்நகரின் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பிட வந்த ஒருவர் தம் உணவில் கட்டியாக ஏதோ கிடப்பதாகச் சத்தமிட்டார். கூட்டம் சேர்ந்தது. கல்லாவில் நின்ற தமிழ் பேசும் முஸ்லிம் இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணினாரோ, சூழ்ந்து நின்றவர்களின் கோபத்தைத் தணித்தாற் போதும் என்று எண்ணினாரோ, மருந்து போட்டாய் அல்லவா என்ற கேள்விக்கு ஆமென்று பொருள்படும்படி அரைகுறைச் சிங்களத்தில் முனகினார். ஒரு போன் அதைப் படம் பிடித்தது. கூட்டம் அவரைத் தாக்கியது, கடை நொறுக்கப்பட்டது, நகரின் பள்ளிவாசலும் வாகனங்களும் சேதமாக்கப்பட்டன. வினாடிக் கணக்கில் மட்டுமே ஓடும் அக்காணொளி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாகத் தலைப்பிடப்பட்டு, நாடு முழுவதும் பரவியது.

காணொளிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், கண்ணே சாட்சி என்ற நம்பிக்கை இந்த ஒரு நிகழ்விலேயே உடைகிறது. படத்தில் பொய் எதுவுமில்லை; வெட்டி ஒட்டவும் இல்லை; அந்த இளைஞர் அந்தச் சொல்லை உண்மையிலேயே சொன்னார். அவருக்கு மொழி விளங்கவில்லை என்பதைப் படத்துக்குள்ளிருந்து காண வழியில்லை. அதை அறிந்திருந்தவர்கள் அவருடைய உறவினரும் ஊராரும்; அவர்கள் சொன்னதோ தமிழில். பார்த்து நம்பியவர்கள் சிங்களத்தில் பார்த்தனர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது மாவுப்பொருள், கருத்தடைக்கான எதுவும் அதில் இல்லை என்று அறிக்கை தந்தார். காணொளி ஓடிய தொலைவில் நூறில் ஒரு பங்குகூட அவ்வறிக்கை ஓடியிருக்காது.

அடுத்த வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகணையும் தெல்தெனியவும் எரிந்தன. அங்கே தூண்டுதல் வேறு, சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தமை. எனினும் அம்பாறைக் காணொளி விதைத்த அச்சம் அத்தீயின் எண்ணெய்களுள் ஒன்றாயிற்று. முஸ்லிம்களைக் கொல்லத் தூண்டும் சிங்களப் பதிவுகளைப் பற்றிச் சிவில் சமூகத்தினர் செய்த முறைப்பாடுகளுக்கு, அவை தங்கள் விதிமுறைகளை மீறவில்லை என்ற பதிலே பேஸ்புக்கிலிருந்து கிடைத்துவந்தது. உள்ளடக்கக் கண்காணிப்பாளர், அதாவது முறைப்பாடு செய்யப்பட்ட பதிவைப் படித்து நீக்குவதா விடுவதா என்று முடிவெடுக்கும் ஊழியர், சிங்களத்திலும் தமிழிலும் போதிய அளவில் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், தான் நியமித்த சுயாதீன மனித உரிமை மதிப்பீட்டின் பின்னர், 2018 வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கோரியது. ஒரு நியாயத்துக்காக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2019இல் குருநாகல் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்மீது இதே மலட்டுக் கதையைச் சுமத்தி அவரைச் சிறைக்கு அனுப்பக் காரணமாயிருந்தது கைப்போன் காணொளி அன்று, அச்சுப் பத்திரிகையின் முதற்பக்கம்.

பெட்டிச் செய்தி: தடையும் சட்டமும்
2018 மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முதல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன; பேஸ்புக்மீதான தடை 15ஆம் திகதி விலக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் மாத இறுதிவரை மீண்டும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போது விதிக்கப்பட்ட தடை ஒரே நாளில் விலக்கப்பட்டது. 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பொய்க் கூற்றுகளை நீக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. பத்திரிகையாளர் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன.

சம்மாந்துறையில் ஒரு பின்திரை

அம்பாறைக் காணொளிக்குப் பதினான்கு மாதங்களின் பின், அதே வீதியின் நடுவிலிருந்து வேறொரு காணொளியின் தடயம் வெளிப்பட்டது. உயிர்த்த ஞாயிறு தற்கொலைத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய, காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிம் ஆண்டுக்கணக்காகத் தமிழில் ஆற்றிவந்த வெறுப்புரைகள் யூடியூபிலும் பேஸ்புக்கிலும் தாராளமாகக் கிடைத்தன. அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முதலில் எச்சரித்தவர்களுள் முஸ்லிம் சமூகத்தவரும் இருந்தனர். இந்த உரைகளும் மேடை அறியாத உரைகள்: ஒரு பள்ளிவாசலின் மிம்பர் எனும் உரைமேடையில் ஏற ஒருவருக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், யூடியூபில் ஏற அது வேண்டியதில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு இரண்டு நாட்களின் பின் இஸ்லாமிய தேசம் என்ற அமைப்பின் செய்திப் பிரிவு, தாக்குதலாளிகள் கறுப்புக் கொடியின் முன் நின்று உறுதிமொழி எடுக்கும் காணொளியை வெளியிட்டது. ஏப்ரல் 26ஆம் திகதி சம்மாந்துறையில் நடந்த தேடுதலில், அக்காணொளியில் காணப்பட்டவற்றை ஒத்த கொடியும் உடைகளும் வெடிபொருட்களுடன் கண்டெடுக்கப்பட்டன.

அன்றிரவே சாய்ந்தமருதில், அயலார் ஐயுற்றுத் தகவல் கொடுத்ததைத் தொடர்ந்து படையினர் சுற்றிவளைத்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. சிறுவர்கள் உட்பட 15 பேரின் உடல்கள் எடுக்கப்பட்டன. சஹ்ரானின் சகோதரர் பிள்ளைகளின் நடுவே அமர்ந்து போருக்கு அழைப்பு விடுக்கும் காணொளி பின்னர் பரவியது. அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்த அயலாரைப் பற்றிய காணொளி எதுவும் அப்படிப் பரவவில்லை. கரையோர முஸ்லிம்களை நாட்டின் ஏனையோர் எப்படிப் பார்த்தனர் என்பதை அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் தீர்மானித்தது, இருந்த காணொளியேயன்றி இல்லாத காணொளி அன்று. சமூகம் செய்த காரியம் படமாகாதபோது அது நடந்ததாகவே கணக்கில் வராத நிலை, இந்த ஊடகம் கொண்டுவந்த அநீதிகளுள் அதிகம் பேசப்படாதது.

கைகள் மட்டும்

இத்தனைக்கும் நடுவில், அன்றாட வாழ்வில் காணொளி கொண்டுவந்த மாற்றம் பெரும்பாலும் மகிழ்ச்சியானதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. கலியாண வீட்டுக் காணொளி ஒரு காலத்தில் உம்மாவின் அலுமாரிக்குள் பூட்டப்பட்ட ஒளிநாடா. பெண்கள் பகுதியின் படம் பெண்களுக்கு மட்டும் என்ற ஒழுங்கு அந்தப் பூட்டால் காக்கப்பட்டது. இன்று மாப்பிள்ளையின் ஊர்வலமும், ஆறு பேர் வட்டமாக அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாடும், நிக்காஹ் ஒப்பந்தமும் நேரலையில் ஓடுகின்றன. தோஹாவில் இரவு வேலை முடித்த வாப்பா, மகளின் நிக்காஹைத் தன் கட்டில் விளிம்பில் அமர்ந்து காண்கிறார். பெண்கள் பகுதியில் போன் எடுக்க வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடும் குடும்பங்களும் உண்டு. அக்கோரிக்கை எவ்வளவு தூரம் மதிக்கப்படும் என்பது விருந்தினரின் வயதைப் பொறுத்தது.

உருவப் படம் கூடுமா என்ற பழைய மார்க்கத் தர்க்கத்தை இந்தக் கரையோரம் தீர்த்துவைக்கவில்லை, பக்கவாட்டில் தாண்டிப் போய்விட்டது. அதன் மிக அழகான சாட்சி சமையற் காணொளிகள். பெண்கள் நடத்தும் பல அலைவரிசைகளில் முகம் தோன்றுவதே இல்லை. அடுப்பும் சட்டியும் இரண்டு கைகளும். மணிக்கட்டுவரை இறங்கிய கறுப்புக் கைமடிப்பு, தேங்காய்ப்பால் பிழியும்போது மட்டும் சற்று மேலேறி மறுபடி இழுத்துவிடப்படும். நோன்புக் கஞ்சிக்கு அரிசி எவ்வளவு, இஞ்சி எப்போது, ஆணத்துக்குப் புளி எந்தக் கட்டத்தில் என்று குரல் மட்டும் சொல்லிக்கொண்டு போகும். சில பெண்கள் குரலையும் தவிர்த்து எழுத்தால் சொல்கின்றனர். முகமற்ற இந்த வடிவம் உலகின் வேறு இடங்களிலும் உண்டென்றாலும், இங்கே அது கூச்சமாகவும் கண்ணியமாகவும் வியாபார அறிவாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. வீட்டைவிட்டு வெளியேறாமலே ஒரு பெண் பலகாரத்துக்கு ஓடர் எடுக்க அது வழி திறந்திருக்கிறது.

பேச்சு மொழிக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களின் தமிழ், அதன் அரபுச் சொற்களோடும் தனித்த இழுவையோடும், பாடப்புத்தகத்திலும் வானொலிச் செய்தியிலும் இடம்பெற்றதில்லை. கல்முனையில் பிறந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் போன்றோர் இலங்கை முஸ்லிம் தமிழை ஆய்வுக்குரிய பொருளாக்கினரே தவிர, பொழுதுபோக்கின் மொழி சென்னைச் சினிமாவுடையதாகவே நீண்டகாலம் இருந்தது. வாப்பாவும் உம்மாவும் ராத்தாவும் காக்காவும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே சண்டையிடும் நகைச்சுவைத் துண்டுகளை இன்று இளைஞர்கள் எடுக்கின்றனர், யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் அதைப் பார்த்துச் சிரிக்கின்றனர். அவற்றுள் பல தரம் குறைந்தவை, மாமியாரைப் பற்றிய ஒரே பகிடியைச் சுற்றிச் சுற்றி வருபவை. ஆயினும் ஊர் மொழிக்குப் பார்வையாளர் கிடைத்தது இதுவே முதல் முறை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்கும் இது பொருந்தும்: அதைப் பரக்கத்தாகக் கருதுவோரும் மார்க்கத்துக்குப் புறம்பானதாகக் கருதுவோரும் முன்பு தனித்தனிப் பள்ளிவாசல்களில் பேசினர், இப்போது ஒரே காணொளியின் கீழ் மோதுகின்றனர்.

மையவாடிக்குள் போன்

இறப்பைப் படம் பிடிப்பதில்தான் ஒழுங்கு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. மையத் எனப்படும் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுவோர் தாம் கண்ட குறைகளை மறைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஆனால் வளைகுடாவில் விடுமுறை கிடைக்காத மகன், தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது எந்தக் காக்கா மறுப்பார்? ஆகவே போன் உள்ளே போகிறது. அடக்கம் ஒரே ஒருவருக்காக நேரலையாகிறது. பின்னர் அந்தப் பதிவு குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவைத் தாண்டி எப்படியோ ஊருக்குள் இறங்கிவிடுகிறது. அனர்த்தங்களில் இது மேலும் கொடியது. உடல் அடையாளம் காணப்படுவதற்கும் பெற்றோருக்குச் சொல்லப்படுவதற்கும் இடையிலுள்ள இடைவெளியை, முன்பு ஒரு மௌலவியோ ஊர்ப் பெரியவரோ வீட்டு வாசலுக்கு நடந்து போகும் நேரம் நிரப்பியது. அந்த நடையைக் காணொளி முந்திவிடுகிறது.

உரிமையை மீட்கப் படம் துணைநின்ற தருணமும் இதே விடயத்தில் உண்டு. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதை 2020 ஏப்ரலில் அரசாங்கம் கட்டாயமாக்கியது. அடக்கத்தால் தொற்றுப் பரவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல்கள் காட்டியும் அது மாறவில்லை. டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்று பெற்றோரின் எதிர்ப்பை மீறித் தகனம் செய்யப்பட்டபோது, பொரளை மயான வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளை முடிச்சிட்டனர். கபனை, அதாவது இறந்தவரைப் போர்த்தும் வெள்ளைத் துணியை, நினைவூட்டிய அந்தத் துணிகளின் படங்களும் காணொளிகளும் கல்முனை வீடுகளிலிருந்து இலண்டன்வரை சென்றன. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஓட்டமாவடியில் தனி மையவாடி, அதாவது அடக்கத்தலம், ஒதுக்கப்பட்டது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இங்கே காணொளி வென்றதற்கு ஒரு காரணம் உண்டு: துணியைக் கட்டியவர்கள் மறைந்து நிற்கவில்லை, யார் கட்டினார் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் நின்றது.

கொடுப்பதைக் காட்டுதல்

இன்று இக்கரையோரத்தில் மிக அதிகமாகத் தர்க்கத்துக்குள்ளாவது உதவிக் காணொளி. ஏழை ஒருவரின் குடிசைக்குள் கமெராவுடன் நுழைந்து, அவர் துயரைச் சொல்லவைத்து, வெளிநாட்டிலுள்ளோரிடமிருந்து பணம் திரட்டி, பின்னர் அப்பணத்தைக் கையளிக்கும் காட்சியையும் வெளியிடும் இந்த வகை, வடக்கிலும் கிழக்கிலும் தனித்த ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி பெறும் குடும்பத்தின் இளம்பெண்ணை இழிவாகப் பேசிய காணொளியைத் தொடர்ந்து யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டதும் இவ்வழக்கம் பாராளுமன்றம்வரை பேசுபொருளாயிற்று.

பெட்டிச் செய்தி: பார்வை எப்போது பணமாகிறது?
யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரரும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள். வருவாய் பார்வையாளர் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள தமிழர் பார்க்கும் காணொளி, உள்ளூரார் பார்க்கும் காணொளியைவிடப் பொதுவாகக் கூடுதலாக ஈட்டும். அழுகை ஏன் புலம்பெயர்ந்தோரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதற்கு இக்கணக்கும் ஒரு விளக்கம்.

முஸ்லிம் ஊர்களில் இவ்வழக்கத்துக்கு எதிராக நிற்பது பெரும் மரபு. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவாறு கொடுப்பதே சிறந்தது என்ற போதனை பிள்ளைப் பருவத்திலேயே மனத்தில் பதிவது. ஸகாத் எனும் கட்டாய ஏழைவரியைத் திரட்டிப் பங்கிடும் பைத்துஸ் ஸகாத் நிதியங்களும், நோன்பு மாதத்தில் இருட்டியபின் வாசலில் வைத்துவிட்டுப் போகப்படும் உலர் உணவுப் பொதிகளும் அந்த மரபின் நிறுவனங்கள். பெறுபவர் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே கொடுப்பவர் மறைந்து நின்றார்.

அப்படியிருந்தும் உதவிக் காணொளி இங்கும் வேரூன்றியது, காரணம் வெறும் புகழாசை மட்டுமன்று. கட்டாரில் அல்லது மெல்பேர்னில் இருந்து பணம் அனுப்புபவருக்கு ஊர் நிர்வாகத்தை இப்போது அவ்வளவாகத் தெரியாது. அவருடைய பிள்ளைகளுக்கு அறவே தெரியாது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர்களிடம் ஆளில்லை, ஆகவே படம் கேட்கின்றனர். வெள்ளத்தின் பின் பொதி பங்கிடும் இளைஞர் குழுக்களுக்கு இது நன்றாகத் தெரியும்: படம் போடாத குழுவுக்கு அடுத்த மழைக்குப் பணம் வராது. பற்றுச்சீட்டின் வேலையைப் பெறுபவரின் முகம் செய்ய வேண்டியதாகிவிட்டது. சில குழுக்கள் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்துள்ளன. பொதிகளையும் கையொப்பமிட்ட பட்டியலையும் படம் பிடிப்பர், பெயர்களை விரலால் மறைப்பர், வாங்குபவரின் முதுகை மட்டும் காட்டுவர். அனுப்பியவர்கள் எல்லோரும் அதில் திருப்தியடைவதில்லை. முகம் எங்கே என்று திரும்பக் கேட்டு வரும் குரல் பதிவுக்கு என்ன பதில் அனுப்புவது என்பது, அக்குழுக்கள் ஒவ்வொரு மாரியிலும் தமக்குள் புதிதாகத் தர்க்கித்துக்கொள்ளும் விடயமாக இருக்கிறது.